ஒரு குழுவுக்காக மலையிறங்குவதா, ஒரு விழாவுக்காகவா?

பிடித்த ரொக் குழு இந்தியாவுக்கு வருகிறது என்று செய்தி வந்தவுடன், ஹட்டனென்றாலும் பண்டாரவளையென்றாலும் நம் மலையகத்து ஆட்கள் முதலில் கேட்பது "டிக்கெட் எவ்வளவாம்?" என்பதுதான். என்னைக் கேட்டால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. அவர்கள் வருவது தனி நிகழ்ச்சிக்கா, இசை விழாவுக்கா என்பது முதல் கேள்வி. விழா என்றால் போஸ்டரில் அவர்கள் பெயர் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு டிக்கெட் விலையைப் பார்த்தால் போதும்.

அமெரிக்க ரொக் குழுவான லிங்கின் பார்க் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டின் 'ஹைப்ரிட் தியரி' சி.டி.யில் தொடங்கி, பாடகர் செஸ்டர் பெனிங்டன் 2017 ஜூலையில் இறந்தபோது உடைந்துபோய், 2024இல் எமிலி ஆம்ஸ்ட்ரோங் பாடகியாக வந்ததும் திரும்பவும் கேட்கத் தொடங்கிய ஒரு தலைமுறை நம்மிடமும் உண்டு. அவர்கள் 2026 ஜனவரி கடைசியில் மும்பை மகாலட்சுமி ரேஸ் கோர்ஸில் நடக்கும் லொல்லாபலூசா இந்தியா விழாவுக்கு வருவதாக அறிவிப்பு வந்தது. கொஞ்ச நாளில், அதே கிழமையில் பெங்களூரில் ஒரு தனி நிகழ்ச்சியும் அறிவிக்கப்பட்டது. ஒரே குழு, ஒரே கிழமை, இரண்டு ஊர். எங்கே போவது என்று நம் பெடியன்களிடையே நடந்த வாதத்தில் பாதிக்கு மேல் டிக்கெட் விலையைச் சுற்றியே போனது. அடுத்த முறை எந்தக் குழு வந்தாலும் இதே வாதம்தான் வரப்போகிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

மலையிலிருந்து புறப்படுகிறவரின் கணக்கு கொழும்புக்காரரின் கணக்கு இல்லை. கட்டுநாயக்கவிலிருந்து பெங்களூருக்குப் பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம், மும்பைக்கு இரண்டரை. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என்று இறங்கி கொழும்பு போய்ச் சேரவே நாலைந்து மணித்தியாலம். பதுளைக்காரருக்கு அதற்கும் மேல். அங்கிருந்து 187 பஸ்ஸில் கட்டுநாயக்க போக வேண்டும். மழைக்காலத்தில் வீதியில் எங்காவது மண் சரிந்துவிட்டால் அந்தக் கணக்கும் கிடையாது. ஆக, காலை ப்ளைட் என்றால் முதல் நாளே இறங்கிவிட வேண்டும். இரவு வந்து இறங்கினால் மறுநாள்தான் வீடு. நாம் போவது ஒரு இரவு நிகழ்ச்சிக்கோ இரண்டு நாள் விழாவுக்கோ, இந்த ஏற்ற இறக்கச் செலவும் லீவும் மாறப்போவதில்லை. டிக்கெட் விலையில் உள்ள வித்தியாசம் இதற்குள் கரைந்துவிடும். எப்படியும் இவ்வளவு கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், அதற்கு நமக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

விழாவில் கிடைப்பது நிமிடக் கணக்கில் குறைவு. கடைசியாக மேடையேறும் தலைமைக் குழுவுக்கு எழுபத்தைந்து முதல் தொண்ணூறு நிமிடம் கொடுப்பார்கள். போஸ்டரில் இரண்டாம் வரியில் உள்ளவர்களுக்கு ஒரு மணித்தியாலம், அதற்கும் கீழே என்றால் நாற்பது நிமிடம். நாற்பது நிமிடத்தில் எட்டுப் பாட்டு, பத்துப் பாட்டு. எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளைத்தான் அவர்கள் வாசிப்பார்கள். ஏனென்றால் முன்னால் நிற்பவர்களில் பாதிப்பேர் வேறு யாருக்காகவோ வந்தவர்கள். மூன்றாவது அல்பத்தின் ஏழாவது பாட்டுக்காக உயிரை விடுகிற ரசிகருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. தனி நிகழ்ச்சியில் அந்தப் பாட்டு வருமென்று உறுதி இல்லை, ஆனால் வர இடமிருக்கிறது. நேரம் அவர்களுடையது, கூட்டமும் அவர்களுடையது.

சத்தத்தின் தரமும் அப்படித்தான். தனி நிகழ்ச்சிக்கு மத்தியானமே வந்து, ட்ரம்ஸிலிருந்து கடைசி மைக் வரைக்கும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, அந்த மைதானத்துக்கு ஏற்றபடி சரிசெய்து வைப்பார்கள். விழாவில் ஒரு குழு இறங்கி அடுத்தது ஏற அரை மணித்தியாலம் கிடைத்தால் பெரிய விஷயம். வயர் இணைந்திருக்கிறதா, சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தொடங்கிவிடுவார்கள். முதல் இரண்டு பாட்டும் ரசிகர்களின் செலவில் நடக்கும் ஒத்திகை. தலைமைக் குழுவுக்கு இந்தக் கஷ்டம் குறைவு; நடுவில் வருகிறவர்களுக்கு அதிகம்.

எங்கே போனாலும் இதை மட்டும் நினைவில் வையுங்கள்: மேடைக்கு மிக முன்னால் நிற்பது பார்க்க நல்லது, கேட்க நல்லதல்ல. இரண்டு பக்கமும் உயரத்தில் தொங்கும் பெரிய ஸ்பீக்கர் வரிசையின் சத்தம் தலைக்கு மேலால் போய்விடும். முன்வரிசைக்கு வருவது மேடையிலேயே அடிக்கும் ட்ரம்ஸும் கிட்டார் அம்ப்பும்தான். பாடுகிறவரின் குரல் அதற்குள் அமுங்கிவிடும். சத்தத்தைக் கலக்குகிறவர் உட்கார்ந்திருக்கும் மேசை கூட்டத்துக்கு நடுவில் ஒரு கூடாரத்துக்குள் இருக்கும். அவர் காதுக்கு எது நன்றாகக் கேட்கிறதோ அதைத்தான் அவர் செய்கிறார். அந்தக் கூடாரத்துக்குச் சற்று முன்னாலோ பக்கத்திலோ நில்லுங்கள். அதற்கும் பின்னால், மேடையிலிருந்து நூறு மீற்றர் தள்ளிப் போனால், கையசைவுக்கும் சத்தத்துக்கும் நடுவில் கிட்டத்தட்ட 0.3 விநாடி இடைவெளி விழும். ட்ரம்ஸ்காரர் அடிப்பது ஒன்று, கேட்பது இன்னொன்று என்றாகிவிடும். பெரிய திரையில் பார்ப்பதுதான் மிச்சம், அதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம். காதில் செருகும் பஞ்சு ரப்பர் இரண்டு ஜோடி கொண்டு போங்கள். உலக சுகாதார அமைப்பு 2022இல் இப்படியான இடங்களுக்கு வைத்த உச்ச அளவு, பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபல். ரொக் மேடைக்குப் பக்கத்தில் அது சுலபமாகத் தாண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு விழாவை ஒதுக்கிவிட வேண்டுமா என்றால், இல்லை. விழாவுக்கென்று ஒரு நியாயம் இருக்கிறது. கொழும்பு இளைஞர் ஒருவர் நினைத்தால் மாதத்துக்கு ஒரு மேடையாவது பார்க்கலாம். நம் பக்கத்தில் மேடை என்றால் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வரும் இசைக்குழு, ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் நடக்கும் இசை நிகழ்ச்சிகள், அவ்வளவுதான். அவற்றில் சினிமாப் பாட்டும் சிங்கள பைலாவும் வரும், ரொக் வராது. அப்படிப்பட்ட ஒருவருக்கு இரண்டு நாளில் நாலு மேடையில் இருபது முப்பது குழுக்களை நேரில் பார்ப்பது சின்ன விஷயமில்லை. லொல்லாபலூசா இந்தியாவுக்கு 2023இல் இமேஜின் ட்ராகன்ஸும் த ஸ்ட்ரோக்ஸும், 2024இல் ஸ்டிங்கும், 2025இல் க்ரீன் டேயும் வந்தார்கள். இவர்களில் ஒருவரை மட்டும் பிடித்தவர் அந்தந்த வருடம் பாதிக் காசை மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேரைப் பிடித்தவர் லாபத்தில் இருந்திருப்பார். என் அளவுகோல் இதுதான்: பட்டியலில் உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த பெயர்கள் மூன்று இருந்தால் விழா. ஒன்றே ஒன்று என்றால், அது முதல் வரியிலேயே இருந்தாலும், தனி நிகழ்ச்சிக்குக் காத்திருங்கள். இன்றைக்குப் பிடித்த குழுவைப் பார்க்கப் போகும் இடமல்ல விழா. நாளைக்குப் பிடிக்கப்போகும் குழுவைக் கண்டுபிடிக்கும் இடம்.

ஆனால் காத்திருந்தால் தனி நிகழ்ச்சி வருமா? இதுதான் நியாயமான எதிர்வாதம். பல குழுக்கள் ஒரு நாட்டுக்கு விழா ஒப்பந்தத்தில் மட்டும் வந்துவிட்டுப் போகின்றன. அந்தப் பிரதேசத்தில் வேறு மேடை ஏறக்கூடாது என்று விழாக்காரர்கள் நிபந்தனை போடுவதும் உண்டு. எழுபது வயதைத் தொட்ட குழு என்றால் அடுத்த முறை என்ற பேச்சே கிடையாது. அப்போது அளவுகோல் எல்லாவற்றையும் தூக்கி வைத்துவிட்டு விழாவுக்குப் போக வேண்டியதுதான். பாட்டிலேயே வளர்ந்த ஒருவரை நாற்பது நிமிடம் பார்ப்பது, பார்க்காமலே விடுவதைவிட எவ்வளவோ மேல்.

ஆபத்து எந்தப் பக்கம் அதிகம் என்று கேட்டால், பயணக்காரருக்குத் தனி நிகழ்ச்சியில்தான். 2011 அக்டோபரில் மெட்டாலிக்கா முதல் முறையாக இந்தியாவுக்கு வந்தது. 28ஆம் திகதி டெல்லிக்குப் பக்கத்திலுள்ள குர்கானில் நடக்க இருந்த நிகழ்ச்சியில் தடுப்புவேலி உடைந்து, நிகழ்ச்சி கடைசி நேரத்தில் நின்றுபோய், கோபத்தில் கூட்டம் மேடையையே அடித்து நொறுக்கியது. இரண்டு நாள் கழித்து பெங்களூர் பேலஸ் மைதானத்தில் அதே குழு வாசித்துவிட்டுப் போனது. டெல்லிக்கு ப்ளைட் போட்டவர் கதி ஒன்று, பெங்களூருக்குப் போட்டவர் கதி வேறொன்று. தனி நிகழ்ச்சி ரத்தானால் டிக்கெட் காசு திரும்பி வரும். ப்ளைட் காசு வராது, லீவும் வராது. விழாவில் ஒரு குழு வராமல் போனால் விழா நிற்காது, அதனால் டிக்கெட் காசு ஒரு சதமும் திரும்பாது. ஆனால் மற்றக் குழுக்களையாவது பார்த்துவிட்டு வரலாம். ஒரே பெயருக்காகப் போனவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

கூட்ட நெரிசல் வேறு விஷயம். 2000 ஜூன் 30 டென்மார்க்கின் ரோஸ்கில்ட விழாவில் பேர்ல் ஜாம் வாசித்துக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் நெரிபட்டு 9 பேர் இறந்தார்கள். அந்த விழா ஏதோ ஒழுங்கில்லாத விழா என்று யாரும் சொல்ல முடியாது. யாழ்ப்பாணம் முற்றவெளியில் 2024 பெப்ரவரியில் ஹரிஹரன் நிகழ்ச்சியில் தடுப்புகள் சரிந்த காட்சியை நாமும் பார்த்தோம். கை இரண்டும் நெஞ்சுக்கு முன்னால் வைக்க இடமில்லாத அளவுக்கு நெருக்கினால், பாட்டு முடியும் வரை காத்திருக்காமல் பக்கவாட்டில் வெளியே வந்துவிட வேண்டும். நேராகப் பின்னால் வர முடியாது, கூட்டம் முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும்.

ஊர்களைப் பற்றி. பெங்களூர் நமக்குச் சுலபம்; தமிழ் பேசி ஓட்டோ பிடிக்கலாம், தமிழ் பேசிச் சாப்பிடலாம், வானிலை பண்டாரவளை மாதிரி இல்லாவிட்டாலும் மும்பையைவிடப் பரவாயில்லை. 2007 மார்ச்சில் அயன் மெய்டன் அங்கே வாசித்தது; இந்தியாவின் ரொக் தலைநகரம் என்ற பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் பெரிய நிகழ்ச்சிகள் நகரத்துக்கு வெளியே, விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிப் பக்கமெல்லாம் நடக்கின்றன. நகர நடுவில் ரூம் போட்டுவிட்டு இரவு பத்து மணிக்கு அங்கிருந்து திரும்புவது தனி வேதனை. அங்கே நடந்தால் அந்தப் பக்கமே ரூம் போட்டு, மறுநாள் காலை ப்ளைட் ஏறிவிடுவது புத்தி. மும்பையின் மகாலட்சுமி மைதானமோ நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, லோக்கல் ரயில் நிலையம் பக்கத்தில். இந்தியாவில் திறந்தவெளி ஒலிபெருக்கிகளுக்கு இரவு பத்து மணி எல்லை என்பதால் அதற்குள் முடித்துவிடுவார்கள், ரயில் இருக்கும். மாட்டுங்காவில் தங்கினால் காலையில் இட்லி சாம்பாருக்கும் வழி உண்டு. நுவரெலியாக் குளிரில் வளர்ந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஜனவரி என்றாலும் மும்பையில் மத்தியானம் முப்பது பாகை. இரண்டு நாள் அந்த வெயிலில் தூசுக்குள் நின்றால், இரவு தலைமைக் குழு வரும்போது நீங்கள் உட்கார இடம் தேடிக்கொண்டிருப்பீர்கள். மாலை நாலு மணிக்கு உள்ளே போனால் போதும்.

கொழும்பையும் கண்டியையும் சேர்க்காமல் இந்த ஒப்பீடு முடியாது. உலகப் பெயர் பெற்ற ரொக் குழு இங்கே வருவது அரிது. அதற்குக் காரணம் நாம் ரசிக்கத் தெரியாதவர்கள் என்பதல்ல. மேடைச் சாமான் எல்லாவற்றையும் கடல் தாண்டி ஏற்றிவந்து, நம் ரூபாயில் நாம் கொடுக்கக்கூடிய டிக்கெட் விலைக்கு ஒரு இரவு வாசித்துவிட்டுப் போக அவர்களுக்குக் கட்டாது. ஆனால் இங்கேயே குழுக்கள் இருக்கின்றன. ஸ்டிக்மாடா இருபது வருடத்துக்கு மேலாக மெட்டல் வாசிக்கிறது. பரனொய்ட் ஏர்த்லிங் 2001இல் கண்டியில் உருவான குழு, நம் மலையிலேயே. இப்படியானவர்களின் நிகழ்ச்சியில் ட்ரம்ஸ்காரரின் வியர்வை தெரியும் தூரத்தில் நிற்கலாம். இரவு பஸ்ஸைப் பிடித்து விடியும் முன் ஹட்டனில் இறங்கலாம். நேரில் ஒரு ரொக் நிகழ்ச்சியையும் பார்க்காதவர் முதல் தடவையே மும்பைக்குப் போவதை நான் ஆதரிக்கமாட்டேன். அந்தச் சத்தம், அந்த நெருக்கம், நாலு மணித்தியாலம் நிற்பது, இதெல்லாம் உங்களுக்கு ஒத்துவருமா என்று சின்னச் செலவில் தெரிந்துகொண்டு போங்கள். பாட்டைப் பிடிப்பதும் கூட்டத்துக்குள் நிற்பதைப் பிடிப்பதும் ஒன்றல்ல.

சென்னை இன்னொரு வழி. இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். த காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. கானாவும் ராப்பும் ரொக்கும் ஒரே மேடையில், பேசுவதெல்லாம் சாதியும் நிலமும். தப்பு மேளச் சத்தத்தில் வளர்ந்து, சொந்தமாக ஏழு பேர்ச்சஸ் காணிக்காக இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு அந்தப் பாட்டுகள் எட்ட நின்று ரசிக்கும் பொருளல்ல. பெங்களூரைச் சேர்ந்த அகம் குழுவின் கர்நாடக சங்கீத ரொக் வேறொரு ருசி. மொழி புரிந்து, வரிக்கு வரி சேர்ந்து பாடி ஒரு ரொக் நிகழ்ச்சியைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பதை ஒரு தடவையாவது அறிய வேண்டும். உலகக் குழுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இது மாற்றாகாது, அது எனக்கும் தெரியும்.

சிங்கப்பூருக்கும் தாய்லாந்துக்கும் விசா தொல்லை குறைவு. ஆனால் சிங்கப்பூரில் ரூம் வாடகையே நம்மைத் திருப்பி அனுப்பிவிடும். ஜேர்மனியின் வாக்கன் மாதிரி விழாக்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், அங்கே தங்கவைக்க உறவும் வேண்டும். வடக்கில் பலருக்கு இருக்கும் அந்த வசதி மலையில் சிலருக்குத்தான். 2023இல் வாக்கனில் மழைச் சேறு காரணமாக டிக்கெட் வைத்திருந்த ஆயிரக்கணக்கானவர்களைப் பாதி வழியிலேயே திரும்பச் சொன்னார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன். நேரலையாகப் பார்ப்பது இருக்கவே இருக்கிறது. கோல்ட்ப்ளேயின் அகமதாபாத் நிகழ்ச்சியை 2025 ஜனவரி 26 இந்தியாவில் அப்படித்தான் காட்டினார்கள். சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடாக வந்து போகும் தோட்டத்தில் அதை நம்பி ஆட்களைக் கூட்டாதீர்கள்.

இனிக் காசு. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயமானது. அன்றைய அந்தச் சம்பளத்தில் மாதம் 25 நாள் பேர் விழுந்தாலும் 33,750தான்; பிறகு கூடியதைச் சேர்த்தாலும் கதை பெரிதாக மாறாது. இந்தியாவுக்குப் போய்வரும் ப்ளைட்டே அதைத் தின்றுவிடும். இந்திய ரூபாய் ஒன்றுக்கு நம் காசு மூன்று ரூபாய்க்கு மேல் போகிறது என்பதால் அங்கே குடிக்கும் டீயும் கணக்கில் வரும். கொழும்பில் வேலை செய்து சொந்தச் சம்பளத்தில் சீட்டுப் போட்டுச் சேர்ப்பவர் போகட்டும். அம்மா கொழுந்தெடுத்த காசில் போவதென்றால் கண்டியோடு நிறுத்துங்கள். இதில் எனக்கு இரண்டு மனசில்லை. சீட்டுக்கும் ஒரு வசதி இருக்கிறது: விழாத் திகதி வருடத்துக்கு வருடம் ஏறக்குறைய ஒரே காலத்தில் வருவதால், அதற்கேற்றபடி எடுக்கும் மாதத்தைக் கேட்டு வைக்கலாம். தனி நிகழ்ச்சி இரண்டு மூன்று மாத அவகாசத்தில் அறிவிக்கப்படும். கையில் காசு இருப்பவருக்குத்தான் அது.

பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் கிடைக்கும் அனுமதி பற்றிப் பேசாமல் எழுதுவது பொய். இந்த விஷயத்தில் விழாவுக்கு ஒரு சாதகம் உண்டு: பகலிலேயே தொடங்குகிறது, பெண்களுக்குத் தனி சோதனை வரிசை இருக்கிறது, உட்கார இடமும் சாப்பிட இடமும் இருக்கின்றன, நெருக்கினால் வேறு மேடைக்கு நகரலாம். தனி நிகழ்ச்சியில் நிற்கும் பகுதி டிக்கெட் எடுத்தால் அந்த நகர்வு கிடையாது. நாலைந்து தோழிகளாகச் சேர்ந்து, ஆசனம் உள்ள பகுதியில் எடுத்தால் வீட்டுக்குச் சொல்வதும் சுலபம். அக்காவோ சித்தியோ ஒருவரைக் கூட்டிப் போனால் இன்னும் சுலபம்; அவரும் ரசிப்பார், பாருங்கள்.

டிக்கெட் எடுக்கும் ஒழுங்கு: விழாக்கள் குழுக்களின் பெயர் அறிவிக்கும் முன்பே மலிவு விலையில் கொஞ்சம் விற்கும். அது மும்பைக்காரருக்கு. நாம் பட்டியல் வந்த பிறகுதான் எடுக்க வேண்டும், விலை கூடினாலும். கைமாற்றி விற்பவரிடம் எடுக்காதீர்கள். கோல்ட்ப்ளே டிக்கெட் 2024 செப்டம்பரில் சில நிமிடத்தில் தீர்ந்து, பிறகு பல மடங்கு விலைக்குச் சுற்றியது, அதில் போலியும் கலந்திருந்தது. மைதானத்துக்குள் காசு செல்லாது, கையில் கட்டும் பட்டியில் காசு ஏற்ற வேண்டும். நம் வங்கி அட்டை வெளிநாட்டில் வேலை செய்யும்படி புறப்படும் முன்பே திறந்துவைக்கச் சொல்லுங்கள். வெளியே எல்லோரும் போனிலேயே பணம் அனுப்புவார்கள், நமக்கு அது சரிவராது, அதனால் சில்லறையாக இந்திய நோட்டு வைத்திருங்கள். ஊபர் இங்கே வைத்திருக்கும் கணக்கே அங்கேயும் ஓடும்.

இந்தியாவுக்கு ஈ-விசா போதும். ஆனால் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து மாறி இன்னொரு பெயர் என்பது தோட்டப்பகுதியில் வீட்டுக்கு வீடு இருக்கும் கதை. பாஸ்போர்ட் எடுக்கக் கண்டிக் காரியாலயத்துக்குப் போகும் முன் அதைத் திருத்திவிடுங்கள். அந்தத் திருத்தத்துக்கே மாதங்கள் போகும். குழு அறிவிக்கும் வரைக்கும் அதற்குக் காத்திருக்க வேண்டாம், இந்தக் கிழமையே தொடங்கலாம்.